அறிதுயில் உணர்த்திய அபே ஃபாரியா

மேடையிலே ஏறி நின்றதும் நாவெழாது தவிக்கும் மாணாக்கர் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவனை மட்டும் என்னால் மறக்க இயலவில்லை. நினைவாற்றலிலே அவனுக்கு நிகரானவர் வகுப்பில் இலர். நூறு செய்யுளாயினும் தடையின்றி ஒப்புவிப்பான். அவனைக் கல்லூரி விழாவிலே பேச நிறுத்தினேன். ஒத்திகையின்போது ஏழாவது வாக்கியத்திலே சிறிது தயங்கினான். மறுநாள் ஒத்திகைக்கு முன் அவனை அழைத்து, அந்த ஏழாவது வாக்கியத்திலேதான் நீ தடக்குவாய், கவனமாயிரு என்று சொன்னேன். நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். அன்றும் அவ்விடத்திலே தடக்கினான். விழாவன்று அவ்விடத்திலே முற்றாக நின்றுவிட்டான். சபை சிரித்தது. அதன்பின் படிப்பு முடித்துப் போகும்வரை அவன் மேடைப்பக்கம் வரவேயில்லை.

பல ஆண்டு கழிந்தபின், கோவா நாட்டுக் குருவானவர் ஒருவருடைய சரிதத்தைப் படிக்க நேர்ந்தது. படித்துக்கொண்டு போகையில் ஓரிடத்திலே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்த மாணவனை நினைத்தேன். அன்று நான் செய்த காரியத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பது அப்பொழுதுதான் எனக்குத் தெரிந்தது.

மனோவசியம், மெஸ்மரிசம், ஹிப்னாட்டிசம் எனப் பல பெயரால் வழங்கும் கலையைப் பற்றி நம்மவரிடையே இருவகை எண்ணம் உண்டு. ஒரு சாரார் அதனை மாயவித்தை என்பர்; மற்றொரு சாரார் ஏமாற்று என்பர். ஆயினும் ஓரிடத்தில் இரு சாராரும் ஒன்றுபடுவர். அப்படி ஓர் ஆற்றல் இருக்குமாயின் அது வசியஞ் செய்பவனுடைய கண்ணிலோ கையிலோதான் இருக்கவேண்டும் என்பது இருவர்க்கும் உடன்பாடு. அவ்வாறன்று, அவ்வாற்றல் துயில்கின்றவனுக்குள்ளேயே இருப்பது என்று தெளிவாக வகுத்துரைத்த முன்னோடிகளுள் தலையானவர் அபே ஃபாரியா. அபே என்பது பிரெஞ்சு தேசத்தார் குருமாரை அழைக்கும் மரியாதைச் சொல். முழுப் பெயர் ஜொசே கஸ்டோடியோ டி ஃபாரியா. அந்நிலைக்கு அவர் பிரெஞ்சு மொழியில் இட்ட பெயர், தெளிந்த துயில் எனப் பொருள்படுவது. தமிழிலோ அதற்கென்றே வார்த்து வைத்தாற்போல அறிதுயில் என்றொரு சொல் இருக்கிறது. திருமால் பாற்கடலிலே கொள்ளும் துயிலுக்கு முன்னோர் இட்ட பெயர் அது. அதனை வினைத்தொகையாகக் கொண்டால் அறிந்த துயில், அறிகின்ற துயில், அறியும் துயில் என முக்காலத்துக்கும் விரியும். துயிலும் உண்டு, அறிவும் உண்டு. ஃபாரியா சொல்ல வந்ததும் அதுவே.

கோவாவிலே, மண்டோவி ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு வடக்கே, பார்தேஸ் பகுதியிலுள்ள காண்டோலிம் அவர் பிறந்த ஊர். பிறந்தது 1756ஆம் ஆண்டு மே மாத முடிவில். தாய்மொழி கொங்கணி. நாடு போர்த்துக்கேயர் ஆட்சியில் இருந்தது. கோவாவின் குருமார் நம் நாட்டுக்கும் புதியவரல்லர். ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த யோசவ் வாஸ் அடிகளார் அந்நாட்டவரே.

ஃபாரியாவின் தந்தை கயெத்தானோ விட்டோரினோ, குருத்துவக் கல்வியை இடையிலே விட்டு இல்லறம் புகுந்தவர். தாய் ரோசா மரியா டி சூசா. இல்லறம் அவர்களுக்கு இனிக்கவில்லை. மகன் சிறுவனாயிருந்தபோதே திருச்சபையின் அனுமதியோடு பிரிந்தனர். தந்தை விட்ட படிப்பைத் தொடர்ந்து குருவானார். தாய் பழைய கோவாவிலுள்ள சாந்த மோனிக்கா கன்னியர் மடத்தைச் சேர்ந்து, பின்னாளில் அதன் தலைவியுமானார். பெற்றோர் இருவரும் துறவு பூண்ட பின் அந்தப் பிள்ளையை உறங்கவைக்க யார் இருந்தார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

தந்தை ஆசை மிக்கவர். சொந்த நாட்டிலே கறுத்த நிறத்துக் குருவுக்கு மேற்பதவி இல்லை என்பதை அறிந்தவர். 1771 பெப்ருவரியில் மகனையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். லிஸ்பன் நகரை அடைய நவம்பர் ஆயிற்று. அங்கே அரசவையின் தயவைத் தேடிக்கொண்டு, இருவரும் உரோமாபுரி சென்றனர். தந்தை இறையியலிலே கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினார். மகன் அங்கேயே தங்கிப் படித்து, 1780இல் குருப்பட்டமும் கலாநிதிப் பட்டமும் பெற்றார். தமது ஆராய்ச்சியைப் போர்த்துக்கல் அரசி முதலாம் மரியாவுக்குக் காணிக்கையாக்கினார். பாப்பரசர் ஆறாம் பயஸ் முன்னிலையிலே அவர் பிரசங்கஞ் செய்தார் என்றும் சரிதகாரர் எழுதுவர்.

அதன்பின் லிஸ்பனில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சம்பவமே, என்னைப் புத்தகத்தை மூடவைத்தது. கோவா மக்களிடையே வழிவழியாக வழங்கிவரும் கதை அது.

அரசியின் ஆலயத்திலே பிரசங்கஞ் செய்ய இளங்குருவுக்கு அழைப்பு வந்தது. மேடையில் ஏறி நின்றார். எதிரே அரசி, சூழவும் பிரபுக்கள், அவர்களிடையே கல்வியிலும் பதவியிலும் மூத்த குருமார். இவரோ கடல் கடந்து வந்த ஓர் அடிமை நாட்டவர். முழங்கால் நடுங்கிற்று. நா உலர்ந்தது. மனனஞ் செய்து வந்த வாக்கியங்கள் ஒன்றும் எஞ்சவில்லை. மேடையின் அருகே இருந்த தந்தை மகனுடைய முகத்தைப் பார்த்தார். பார்த்ததும், சபையிலிருந்தோர் எவருக்கும் விளங்காத கொங்கணியிலே மெல்லச் சொன்னார். எதிரே இருப்பதெல்லாம் வெறும் கீரை, அந்தக் கீரையை நறுக்கு என்பதே அவர் சொன்னதன் கருத்து. மகனுடைய நடுக்கம் அகன்றது. பிரசங்கம் தடையின்றி நடந்தது.

கொங்கணி பேசுவோரிடையே இத்தொடர் அஞ்சுகின்றவனுக்குத் துணிவூட்டும் பழமொழிபோல நிலைத்துவிட்டது. எவ்வளவு சிறிய வார்த்தை! அரசி அரசியாகவே இருந்தாள். பிரபுக்களும் எழுந்து போகவில்லை. வெளியே ஒன்றும் மாறாதிருக்க, ஒரு சொல் உள்ளே புகுந்து உடம்பின் நடுக்கத்தையே நிறுத்திவிட்டது. அச்சொல் தாய்மொழியில் இருந்ததும், தந்தை வாயிலிருந்து வந்ததும் கவனிக்கத்தக்கன. அதே வார்த்தையைப் பக்கத்திலிருந்த ஒரு பிரபு சொல்லியிருந்தால் இளங்குரு இன்னும் நடுங்கியிருப்பார். இது எவ்வாறு நிகழ்ந்தது என்ற வியப்பு ஃபாரியாவை வாழ்நாள் முழுதும் விடவில்லை என்று சரிதம் எழுதியோர் பலர் கருதுவர்.

1787இல் கோவாவிலே போர்த்துக்கேயர் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு சதி நடந்தது. அதன் முன்னணியிலே உள்நாட்டுக் குருமாரும் இருந்தனர். பிடிபட்டவருட் பதினைவர் 1788இல் கொல்லப்பட்டனர். லிஸ்பனிலிருந்த தந்தைமீதும் ஐயம் விழுந்தது. மகன் அதே ஆண்டில் பாரிஸ் சென்றார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1795 ஒக்டோபரில், புரட்சி அரசின் மன்றத்தை எதிர்த்து எழுந்த பாரிஸ் மக்களில் ஒரு பிரிவுக்கு இவர் தலைமை தாங்கினார் என்பது, சாந்தமான குருவானவரை எதிர்பார்ப்போருக்கு வியப்பளிக்கும். அவ்வெழுச்சியைப் பீரங்கி கொண்டு அடக்கியவர், அப்போது அதிகம் அறியப்படாத இளைஞரான நெப்போலியன்.

அக்காலத்திலே பாரிசை ஆட்டிவைத்த கொள்கையொன்று உண்டு. வியன்னாவிலிருந்து 1778இல் வந்த மெஸ்மர் என்னும் வைத்தியர், காந்தத்தைப் போன்ற நுண்ணிய திரவம் ஒன்று உலகெங்கும் பரந்திருக்கிறது, அதனைத் தம் கையால் நோயாளிக்குட் செலுத்திப் பிணி தீர்க்கலாம் என்றார். கூட்டம் அலைமோதிற்று. 1784இல் அரசன் நியமித்த குழு ஆராய்ந்தது. பெஞ்சமின் பிராங்கிளினும் இரசாயன அறிஞர் இலவோசியேயும் அதில் அங்கத்தவர். அப்படியொரு திரவம் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு முடிவு கூறிற்று. அறிஞர் பலரும் அத்துடன் விடயம் முடிந்தது என்று கலைந்தனர். கற்பனைக்கு இத்தனை வேலை செய்யும் வல்லமை எங்ஙனம் வந்தது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. அதே ஆண்டில், மெஸ்மரின் மாணவரான புய்சேகூர் பிரபு, ஒரு குடியானவனுக்குச் சிகிச்சை செய்கையில் அவன் உறங்கிக்கொண்டே தெளிவாகப் பேசுவதைக் கண்டார். இது சிகிச்சை செய்பவனுடைய மன உறுதியால் விளைவது என்பது அவர் முடிவு. இவரே ஃபாரியாவுக்கு இக்கலையிலே குருவானார்.

அறிமுகமானவர் அனைவரும் ஃபாரியாவை மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. எழுத்தாளர் சத்தோபிரியான் தம் நினைவுக் குறிப்பிலே அவரைப் பரிகசித்திருக்கிறார். ஒரு விருந்திலே, காந்த வசியத்தால் ஒரு கனேரிக் குருவியைக் கொல்வேன் என்று இவர் வீம்புரைத்தாராம், வென்றது குருவிதானாம். பகைவர் கூற்றாயினும் இதனை நான் ஒதுக்கமாட்டேன். சக்தி தம்மிடமே இருக்கிறது என்ற மயக்கம் இவருக்கும் ஒரு காலத்தில் இருந்திருக்கலாம். அம்மயக்கத்திலிருந்து தாமே விடுபட்டார் என்பதே அவருக்குப் பெருமை.

இவர் நம்மைப் போல ஓர் ஆசிரியர் என்பதையும் மறத்தல் ஆகாது. 1811இல் மார்செய் நகரக் கல்லூரியிலே தத்துவ ஆசிரியராக நியமனம் பெற்றார். அந்நகர வைத்தியர் சங்கமும் அவரை அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது. ஓராண்டுக்குள் நீம் என்னும் ஊருக்கு, முன்னையதிலும் தாழ்ந்த பதவிக்கு, மாற்றப்பட்டார். இடமாற்றத்தின் கசப்பை நம் உபாத்தியாயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1813இல் அதனை உதறிவிட்டுப் பாரிசுக்கே மீண்டார்.

அவ்வாண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள், கிளிஷி வீதி 49ஆம் இலக்க மண்டபத்திலே தம் பகிரங்க வகுப்பைத் தொடங்கினார். அவருடைய முறை மிக எளிது. மெஸ்மரின் இசையும் இல்லை, தொட்டியும் இல்லை, காந்தக் கோலும் இல்லை. வந்தவரை ஒரு நாற்காலியிலே வசதியாக இருக்கச் செய்வார். கண்ணை மூடிக்கொண்டு உறக்கத்தையே நினைக்கச் சொல்வார். அமைதி கூடியதும், உறங்கு என்று உரத்த குரலில் ஆணையிடுவார். சிலர் அக்கணமே துயில் கொள்வர். கொள்ளாதவருக்கு மீண்டும் ஓரிரு முறை அவ்வாறே கூறுவார். அப்பொழுதும் பலிக்காவிட்டால் தம் உள்ளங்கையைக் காட்டி, அதனையே உற்றுப்பார்க்கச் சொல்லி, மெல்ல மெல்லக் கண்ணருகே கொண்டுவருவார். எதற்கும் இசையாதவரை மரியாதையோடு அனுப்பிவிடுவார்.

துயின்றவர், சொன்னபடி கையை அசைக்க இயலாதிருப்பர், சொன்னதும் அசைப்பர். இல்லாததைக் காண்பர், சுவையற்றதைச் சுவைப்பர். விழித்தபின் செய்யுமாறு கூறியதை, விழித்தபின் செய்வர். ஈது எல்லாம் முடிந்ததும் ஃபாரியா தமது பேருண்மையைச் சபைக்கு எடுத்துரைப்பார். தம் கையிலிருந்து ஒன்றும் பாயவில்லை. தம் மன உறுதியும் ஒன்றும் செய்யவில்லை. துயின்றவர் தம் மனத்தை ஒருமுகப்படுத்தி, சொல்லை ஏற்றுக்கொண்டு, தாமே அதனை நிறைவேற்றினார் என்பது அவர் கொள்கை. ஆகையால் காந்தம் என்னும் சொல்லையே கைவிட்டு, மன ஒருமைப்பாட்டைக் குறிக்கும் சொற்களைப் புதிதாக ஆக்கினார். பிற்காலத்தார் இதனையே கருத்தேற்றம் என்று பெயரிட்டு வளர்த்தனர். நான் என் மாணவனுக்குச் செய்ததும் கருத்தேற்றமே. அந்தத் தந்தை கீரை என்றார். நான் தடக்குவாய் என்றேன்.

அவருடைய கொள்கை முழுவதும் சரியென்று கொள்ளவேண்டாம். சிலர் விரைவிலே துயில்வதும் சிலர் துயிலாதிருப்பதும் இரத்தத்தின் நீர்த்தன்மையால் என்று அவர் விளக்கியது இன்று எவர்க்கும் உடன்பாடன்று. அறிதுயில் கொள்வோருக்குத் தொலைவிலுள்ளது தோன்றும் என்று நம்பியதும் காலத்தின் குறை.

வாசித்துக்கொண்டு போகையில் மனம் நோவது இனித்தான். அறிவுலகத்தார் அவரைப் பொருட்படுத்தவில்லை. காந்தவாதிகள் தம் தொழிலுக்கு உலைவைக்கிறார் என்று பகைத்தனர். சமயத்தாரிற் சிலர் இது பேயின் வேலை என்றனர். ஒரு நடிகன் வகுப்புக்கு வந்து துயில்வதுபோல் நடித்து, எல்லாரும் பார்த்திருக்கக் கண்ணைத் திறந்து அவரைக் கைகொட்டிச் சிரித்தான். 1816இலே காந்தப் பித்து என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நகைச்சுவை நாடகம் பாரிஸ் அரங்கேறிற்று. இந்தியக் குருவின் நிறத்தையும் பேச்சையும் போலச் செய்து காட்டக் காசு கொடுத்துச் சென்று சிரித்தது நகரம். மேடையச்சத்திலிருந்து தந்தையின் சொல்லால் மீண்டவரை, இறுதியில் மேடையே வீழ்த்திற்று. வகுப்புக்கு வருவோர் குறைந்தனர், பின் இல்லையாயினர். அவர் ஒரு கன்னியர் மடத்துக்குக் குருவாகப் போய் ஒதுங்கினார்.

அங்கேயிருந்து தம் கொள்கையை நூலாக எழுதினார். நான்கு பாகமாக நினைத்தது. வெளிவந்தது முதற்பாகம் ஒன்றே. அதனைத் தம் குருவாகிய புய்சேகூருக்கே காணிக்கையாக்கினார். குருவின் கொள்கையை மறுக்கும் நூலைக் குருவுக்கே படைத்த அந்தப் பண்பு என் மனத்தைத் தொட்டது. 1819 செப்டெம்பர் 20ஆம் நாள் பக்கவாதத்தால் இறந்தார். மொன்மார்த்திலே புதைத்தனர். புதைத்த இடத்துக்கு அடையாளம் இல்லை.

அவர் பெயரை உலகம் அறிந்தது வேறு வழியால். அலெக்சாந்தர் தூமா 1844 முதல் 1846 வரை எழுதிய மொந்தே கிறிஸ்தோ பிரபு கதையிலே, சிறைக்கூடத்தில் இளைஞன் தாந்தேசுக்கு மொழிகளும் கணிதமும் கற்பித்து அவனைப் புது மனிதனாக்கும் கிழவர் அபே ஃபாரியா. தூமா அவரை இத்தாலியராக்கிவிட்டார். கதையைப் படித்தோர் பலர் இப்படி ஒருவர் மெய்யாகவே இருந்தார் என்று அறியார். கொள்கை மட்டும் ஓசையின்றி வளர்ந்தது. அவருடைய வகுப்பில் இருந்த நுவாசே என்னும் படைவீரர் அதனை எழுதி வைத்தார். நான்சி நகரத்து லியேபோவும் பெர்னேமும் கருத்தேற்றத்தை வைத்திய முறையாக நிறுவினர். ஃபாரியாவே தமக்கு முன்னோடி என்பதைப் பெர்னேம் ஒப்புக்கொண்டார். 1925இல் அவர் சரிதத்தை எழுதிய எகாஸ் மோனிஸ், பின்னர் 1949இல் நோபெல் பரிசு பெற்ற போர்த்துக்கேய வைத்தியர்.

1945இல் பனாஜி நகரிலே, பழைய தலைமைச் செயலகத்தின் அருகே, சிற்பி ராமச்சந்திர பாண்டுரங்க காமத் வடித்த சிலை எழுப்பப்பட்டது. அதனைப் படத்திலே பார்த்திருக்கிறேன். நீண்ட அங்கி அணிந்த குருவானவர், சாய்ந்து கிடக்கும் ஒரு பெண்ணின்மேல் இரு கைகளையும் விரித்து நீட்டிக்கொண்டு நிற்கிறார். கம்பீரமான சிலைதான். ஆனால் கையிலிருந்து ஒன்றும் பாயவில்லை என்று கத்திக் கத்தி அவமானப்பட்ட மனிதருக்கு, கையிலிருந்து ஏதோ பாய்வதுபோலவே சிலை வைத்துவிட்டார்கள்.

இக்கலையால் கல்வி பெருகுமா என்று பெற்றோர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. உறங்கும் பிள்ளையின் காதிலே பாடம் ஓதினால் பதிந்துவிடும் என்று விளம்பரஞ் செய்வோர் உளர். 1950களில் அமெரிக்காவிலே சைமன், எம்மன்ஸ் என்னும் இருவர் மூளையின் மின்னலைகளை அளந்து பார்த்தனர்; மெய்யாக உறங்கியவருக்கு ஓதியது நினைவில் நிற்கவில்லை. அறிதுயில் அவ்வுறக்கம் அன்று. ஆயினும் அதனாலே நினைவாற்றல் பெருகும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. நடவாததை நடந்ததாக நினைக்கவைக்கும் அபாயமும் உண்டு. அச்சத்தையும் பரீட்சைப் பதற்றத்தையும் நோவையும் தணிப்பதிலே, பயின்ற வைத்தியர் கையில், அது பயன்படுகிறது. பிரித்தானிய வைத்தியச் சங்கம் 1955இலும் அமெரிக்க வைத்தியச் சங்கம் 1958இலும் அதற்கு வைத்தியத்தில் இடமுண்டென ஏற்றுக்கொண்டன. பாடத்தைப் பிள்ளை படித்தேயாக வேண்டும். படித்ததைச் சொல்லவிடாது தொண்டையிலே நிற்கும் பயத்தைத்தான் விலக்கலாம்.

நான் வைத்தியன் அல்லேன். என் வகுப்பிலே எவரையும் துயிலச் செய்ததும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய இலக்கணப் பாடத்தில் அவர்கள் தாமாகத் துயில்வது வேறு விடயம். தடக்குவாய் என்று சொல்வதை மட்டும் விட்டேன். நடுங்குகின்ற பிள்ளையைக் கண்ணை மூடி இருக்கச் செய்து, மூச்சுச் சீரானபின், தான் பேசி முடித்துப் படியிறங்கி வருவதை மனத்திலே காணச் சொல்வேன். சிலருக்குப் பலித்தது; சிலருக்குப் பலிக்கவில்லை.

முன் சொன்ன மாணவரை அண்மையில் ஒரு கலியாண வீட்டிலே சந்தித்தேன். நல்ல உத்தியோகம், நரைத்த தலை, சபையிலே மதிப்பு. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பற்றிக்கொண்டார். சற்று நேரத்தில் வீட்டுக்காரர் வந்து, மணமக்களை வாழ்த்தி இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று அவரைக் கேட்டார். அவர் முகம் ஒரு கணம் மாறிற்று. பின் சிரித்துக்கொண்டே, ஐயா இருக்கும்போது நான் பேசுவதா என்று என்னை முன்னே விட்டுத் தாம் பின்வரிசைக்குப் போய்விட்டார். எல்லாரும் அதனைப் பணிவு என்றனர். நான் மேடைக்குப் போனேன்.